பாலும் பழியும்

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு பெண் டாக்டர் நிகழ்த்திய பிரசங்கமொன்றை இலக்கியமாகக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். இலக்கியப் பகுதியில் வைத்தியருக்கு என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். காவியமும் கோவையும் உலாவுமே இலக்கியம் என்று கொண்டிருப்பார்க்கு நாம் விடையிறுக்கப் புகவில்லை. தாம் கண்ணாற் கண்டதொன்றை, கேட்போர் கேட்க விரும்பாதபோதும், அவர் நெஞ்சில் தைக்குமாறு ஒருவர் சொல்லி நிறுத்துவாராயின் அதுவும் உரைநடை இலக்கியமே என்பது நம் கொள்கை. அத்தகைய உரையின் குணத்தையும் குற்றத்தையும் எடுத்துக் காட்டுவது விமரிசகன் வேலை.

பிரசங்கித்தவர் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ் அம்மையார். அவர் தம் பேச்சுக்கு இட்ட பெயர் ‘மில்க் அண்டு மர்டர்’ என்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பாலும் கொலையும்’ என்றாகும். ஆங்கிலத்தில் அவ்விரண்டு சொற்களும் ஓர் எழுத்திலேயே தொடங்குகின்றன. நம் யாப்பில் அதை மோனை என்போம். தொட்டிலருகே வழங்கும் சொல் ஒன்று, தூக்குமேடையருகே வழங்கும் சொல் ஒன்று. இரண்டையும் அம்மோனை ஒரே மூச்சிற் கட்டிவிடுகின்றது. ‘பாலும் கொலையும்’ என்றால் கட்டு அவிழ்ந்து போகின்றது. ஆகவே ‘பாலும் பழியும்’ என்று நாம் பெயர்த்துக்கொண்டோம். பழி என்னும் சொல்லில் வேறொரு வசதியும் உண்டு. கொலை என்றால் செயல் முடிந்தது. பழி என்றாலோ அது யார் தலைமேல் விழுவது என்னும் கேள்வி உடனே எழுகின்றது. அம்மையாரின் பேச்சில் நம்மை நிறுத்துவதும் அக்கேள்வியே.

அம்மையார் 1893ஆம் ஆண்டு ஜமெய்க்காத் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் வைத்தியம் பயின்று 1923இல் பட்டம் பெற்று, குடியேற்ற நாடுகளின் வைத்திய உத்தியோகத்தில் அமர்ந்து, 1929இல் ஆப்பிரிக்காவின் பொற்கரைக்குச் சென்றார். இன்று அந்நாட்டுக்குக் கானா என்று பெயர். அங்கே தாய்ப்பால் மறந்த பருவத்துக் குழந்தைகள் ஒரு விதமாக நோயுற்று மடிவதை அவர் கண்டார். கால் வீங்கும், வயிறு உப்பும், மயிர் செம்பட்டையாகும், தோல் கருத்து உரியும், பிள்ளை ஓயாது சிணுங்கும், பின்பு சிணுங்குதற்கும் வலியற்றுக் கிடக்கும். 1933இல் அவர் எழுதிய கட்டுரையில், மக்காச்சோள உணவை நம்பி வளரும் குழந்தைகட்கு வரும் ஊட்டக்குறை நோய் என்றே அதைக் குறித்தார். அது பழைய பெல்லாக்ரா நோயே, புதிதொன்றுமில்லை என்று மறுத்தாரும் உளர். அம்மையார் விட்டாரில்லை. 1935இல் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் அந்நோயைப் பற்றி மீண்டும் எழுதினார். இம்முறை தலைப்பில் அவர் வைத்தது ‘க்வாஷியார்க்கர்’ என்னும் சொல்.

அச்சொல் கிரேக்கமுமன்று, இலத்தீனுமன்று. அக்ரா நகரைச் சூழ்ந்து வாழும் கா இனத்துத் தாய்மார் வாயில் வழங்கிய சொல். அடுத்த பிள்ளை பிறந்தமையால் மார்பினின்றும் இறக்கப்பட்ட முன்பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். வைத்திய நூல்களில் நோய்களுக்கு அவற்றைக் கண்டறிந்த துரைமாரின் பெயர்கள் இடம்பெறுவதே வழக்கமாயிருந்த காலம் அது. அம்மையார் தம் பெயரை ஒட்டவில்லை. காரணத்தைத் தமக்கு முன்பே கண்டிருந்தவர்கள் அத்தாய்மாரே என்று ஒப்புக்கொண்டு அவர்கள் சொல்லை அப்படியே எடுத்து உலகத்துக்குக் கொடுத்தார். இதனை ஓர் ஆராய்ச்சியாளரின் அடக்கம் என்று புகழ்ந்துவிட்டு நாம் அப்பாற் செல்லலாகாது. நோயின் காரணம் அப்பெயருக்குள்ளேயே இருக்கின்றது. கேட்கத் தெரிந்த செவிக்கு அது கிடைத்தது.

தமிழர்க்கு இங்கே உறைக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. ‘சவலை’ என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கின்றது. தாய் மீண்டும் கருவுற்றமையாலோ, தம்பியோ தங்கையோ பிறந்தமையாலோ பால் பெறாது மெலிந்த பிள்ளை சவலைப்பிள்ளை. தோட்டத்துப் பாட்டிமார் முதல் அகராதிகாரர் வரை எல்லாரும் அறிந்த சொல் அது. கா மொழிச் சொல்லுக்கும் இதற்கும் பொருள் முற்றும் ஒன்று என்று நாம் சாதிக்கவில்லை; சவலை என்பது பால் குறைந்த எல்லா நலிவையும் தழுவி நிற்கும் விரிந்த சொல். க்வாஷியார்க்கருக்குப் புரதக் குறைவு ஒன்றுதானா காரணம் என்பதில் ஆராய்ச்சியாளர் இன்றும் ஒருமனப்படவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் நோயின் ஊற்று தாயின் மார்பில் நேர்ந்த இடமாற்றம் என்று கடலின் இருகரையிலும் இருந்த எழுத்தறியாப் பெண்கள் கண்டிருந்தனர். நம் புலவர்கள் அச்சொல்லை என் செய்தார்கள்? இரண்டாம் அடியில் தனிச்சொல் குறைந்த வெண்பாவுக்குச் ‘சவலை வெண்பா’ என்று பெயரிட்டு யாப்பிலக்கணத்திற் சேர்த்தார்கள்! சீர் குறைந்த பாட்டைப் பற்றிய கவலையில் பால் குறைந்த பிள்ளை மறைந்துபோயிற்று.

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் மட்டும் என்ன? பாட்டியல் விதிப்படி அது மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதத்தில் முடிவது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவம் பருவமாகப் பிள்ளை வளரும். முதல் இரண்டு மாதங்களுக்குப் பாட்டில்லை. அவ்விரண்டு மாதத்திலேதான் பிள்ளைகள் அதிகமாகச் சாகின்றன. 2022ஆம் ஆண்டில் உலகத்தில் ஐந்து வயது நிரம்பாமல் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய 49 லட்சம் என்று ஐக்கிய நாடுகள் சபையினர் கணக்கிட்டனர். அவர்களிற் பாதிக்குச் சற்றே குறைந்த தொகையினர் பிறந்த இருபத்தெட்டு நாளைக்குள் மாண்டவர்கள். நம் புலவர் பெருமக்கள் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் வரையிற் காத்திருந்து பிறகே எழுத்தாணியை எடுத்தனர் போலும். பாடப்பட்ட பிள்ளைகளோ தெய்வங்களும் அரசர்களும். அவர்கட்குச் சவலை வருவதில்லை.

நிற்க. அம்மையார் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூர் வைத்தியக் கல்லூரியில் போதிக்க வந்தார். பொற்கரையிற் பாலுக்குப் பின் வரும் உணவே கேடாயிருந்தது. சிங்கப்பூரிலோ பாலே கேடாயிருக்கக் கண்டார். அப்பால் டின்பால்.

டின்பாலைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லுதல் அவசியம். மாட்டுப் பாலை வற்றக் காய்ச்சி அதிற் சர்க்கரையை மிகுதியாகக் கொட்டி டப்பாவில் அடைத்தது அது. எடையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சர்க்கரை. அச்சர்க்கரையாலேயே அது வெப்ப நாட்டிலும், பனிப்பெட்டியில்லாத வீட்டிலும் கெடாது நிற்கின்றது. தோட்டத்துக் கடைக்கு அது ஏற்ற சரக்கானதற்கும் அதுவே காரணம். பெரியவர்கள் தேத்தண்ணீருக்கு அதை ஊற்றிக்கொள்வதில் நமக்கு எவ்விதத் தகராறும் இல்லை. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் நாமும் ஊற்றிக்கொள்கிறோம். பச்சைக் குழந்தைக்கு அதையே தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுத்தால் நேர்வது வேறு. சர்க்கரையால் பிள்ளை கொழுகொழுவென்று காணும், பார்ப்பவர் மகிழ்வர், உள்ளே வலுவிராது. வெண்ணெய் எடுத்த பாலிற் செய்த மலிவுச் சரக்காயின் ‘ஏ’ வைட்டமின் அதில் இராது. முதலில் மாலைக்கண்; பிறகு கருவிழி உலர்ந்து வெண்மையாகிக் குழைந்து அழியும்; அதன்பின் பிள்ளைக்குப் பார்வை மீளாது. விலை கருதித் தண்ணீரை மிகுதியாக விட்டுக் கலக்கினாலோ பிள்ளைக்குக் கிடைப்பது வெள்ளைநிறத் தண்ணீர். அத்தண்ணீர் எக்குழாயினது, எக்கிணற்றினது, புட்டி கழுவப்பட்டதா, ஈ மொய்த்ததா என்பனவெல்லாம் பின்வரும் கேள்விகள். வயிற்றுப்போக்குக்கு இவற்றில் எது ஒன்றும் போதும்.

இத்தகைய பாலைத் தாய்மாரிடம் சேர்க்க அக்காலத்துக் கம்பெனிகள் செய்த உபாயமே அம்மையாரைக் கொதிக்கச் செய்தது. தாதியுடை அணிந்த பெண்களை, புதிதாகப் பிரசவித்தவர்கள் குடியிருந்த நெருக்கமான வீடுகளுக்கு அனுப்பி, உன் பாலைவிட இது மேல் என்று சொல்லச் செய்தனர். தாய்க்குப் பால் இருக்கின்றது. பிள்ளைக்கு உறிஞ்சத் தெரிகின்றது. காசு கேளாத அவ்வுணவு வீட்டிலேயே இருக்கின்றது. வெள்ளுடை தரித்த ஒருத்தி வந்து ஐயத்தை விதைத்துச் செல்கின்றாள். இரண்டு வாரம் டின்பால் கொடுத்தால் தாயின் பால் தானே வற்றும். பிறகு விளம்பரமே வேண்டுவதில்லை. வேறு வழியில்லாமலேயே வாங்குவாள். அம்மையாரின் குற்றச்சாட்டின் உயிர்நிலை இது. டின்பாலின் குணதோஷத்தோடு அவர் நிற்கவில்லை. நல்லதொன்று இருக்க அதனை அழித்து அவ்விடத்தில் தீயதொன்றை வைக்கும் சொல்லையே அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். சொல்லைப் பற்றிய வழக்காதலின் இலக்கியப் பகுதிக்கு இது அந்நியமன்று.

இனிப் பேச்சின் நடையைக் காண்போம். இன்று அப்பேச்சை எடுத்தாளுகின்றவர்கள் பெரும்பாலும் அதன் முடிவுப் பகுதியையே எடுத்தாளுகின்றனர். அப்பகுதியின் கருத்து வருமாறு: நாள்தோறும் தகாத உணவால் குழந்தைகள் அழிக்கப்படுவதைத் தம்மைப்போல் கேட்போரும் கண்டு மனம் கசந்திருப்பாராயின், குழந்தையுணவு பற்றிய தவறான பிரசாரத்தை மிகக் கொடிய ராஜத்துவேஷமாகக் கருதித் தண்டிக்கவேண்டும் என்றும், அச்சாவுகளைக் கொலையெனவே கொள்ளவேண்டும் என்றும் அவர்களும் கூறுவர் என்பது.

ராஜத்துவேஷம் என்னும் சொல்லை நேயர்கள் கவனிப்பார்களாக. ஆங்கில ஆட்சியில் அச்சொல் யார்மேல் ஏவப்பட்டது? வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908இல் சிறை புகுந்தது அக்குற்றத்தின் பேரில். பத்திரிகாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் அஞ்சிய சொல் அது. அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு வெறுப்புண்டாக்குவது ராஜத்துவேஷமென்றால், தாயின் பால்மேல் தாய்க்கே வெறுப்புண்டாக்குவது அதனினும் கொடியதன்றோ என்று அம்மையார் கேட்காமற் கேட்டுவிட்டார். அரசாங்க உத்தியோகஸ்தரான ஒருவர், வர்த்தகரும் உத்தியோகஸ்தரும் கூடும் சபையில், அரசாங்கத்தின் ஆயுதத்தை எடுத்து வர்த்தகத்தின் பக்கம் திருப்பி நீட்டினார். தாமே கண்டு கசந்ததைச் சொல்லி, பிறகு கேட்போரைத் தம் இடத்தில் நிறுத்தி, அதன்பின் தீர்ப்பை அவர்கள் வாயில் வைக்கும் அந்த வரிசை நல்ல வக்கீலின் வரிசை. மேடைத் தமிழில் அடுக்குச் சொல்லையும் கைதட்டலையும் நம்பி வாழ்வோர் இதைப் படித்தல் நலம்.

இவ்வளவும் புகழ்ந்த நாம் குறையையும் சொல்லியாக வேண்டும். அறியாமையாலோ அசட்டையாலோ ஒரு பிள்ளைக்குத் தகாத பாலைக் கொடுக்கச் செய்பவர் எவராயினும் அப்பிள்ளையின் சாவுக்குக் குற்றவாளியாகக் கூடும் என்றும் அம்மையார் கூறுகின்றார். அசட்டைக்குப் பழி உண்டு, ஒப்புகிறோம். அறியாமைக்கு? அவர் மனத்தில் இருந்தவர்கள் விளம்பரக்காரரும், யோசனையின்றிப் புட்டியைச் சிபாரிசு செய்த வைத்தியரும் தாதியருமே என்பது வெளிப்படை. ஆனால் வாக்கியம் எழுதினவர் கையை விட்டகன்றபின் எழுதினவர் மனம் அதனுடன் செல்வதில்லை. ‘எவராயினும்’ என்ற சொல்லின் அகலத்தில் தாயும் வந்து விழுகின்றாள். பிள்ளை செத்த வீட்டில், பாலைக் கலக்கிக் கொடுத்த கையைத் தேடிப் பிடிப்பது மிக எளிது. கம்பெனியார் கை அங்கே தென்படாது.

அக்காலத்துத் தோட்டத்துப் பெண்ணொருத்தியை நினைத்துப் பார்ப்போம். ஜொகூரிலாயினும் சிலாங்கூரிலாயினும் அவள் நாள் ஒன்றுபோலவே இருந்தது. பொழுது விடியுமுன் பெரட்டு. கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு நிரைக்கு ஓடவேண்டும். மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி மங்கில் பால் விழவைத்து, மீண்டும் மரத்துக்கு மரம் சென்று அதை வாளியிற் சேர்த்து, நிறுக்குமிடத்துக்குச் சுமந்து செல்லவேண்டும். வெயில் ஏறினால் மரத்தின் பால் உறைந்துபோம் என்று கங்காணி அவசரப்படுத்துவான். அவள் மார்பிற் பால் கட்டிக் கல்லாகிக் கிடப்பதற்கு அவசரப்பட அங்கே ஆளில்லை. மலாயாத் தமிழில் ரப்பர் மரத்துக்குப் பெயரே பால் மரம்! 1928ஆம் ஆண்டு முக்கியப் பிரதேசங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிரசவ உதவிக்கும் பிள்ளைக் கொட்டகைக்கும் இடம் வகுத்தது மெய். கொட்டகை இருந்தால் போதுமா? பல தோட்டங்களில் ஓர் ஆயா பல பிள்ளைகளைப் பார்த்தாள். பசித்தழும் பிள்ளைக்குத் தாய் வரும்வரை அவள் கையில் இருந்தது டின்பாலும் தண்ணீருமே. இப்பெண்ணின் பிள்ளைக்குத் தாய்ப்பாலை மறுத்தது விளம்பரமா, பெரட்டு மணியா? அவளுக்கு எழுத்தறியாமை உண்டு. ஆயின் அவள் அறியாமையால் பால் கொடாதிருந்தாள் என்று எவர் சொல்லத் துணிவார்?

சிங்கப்பூர் நகரசபைக் கூலிவரிசைகளில் இருந்த பெண்ணுக்கும், கூலிக்குத் துணி துவைத்த பெண்ணுக்கும் இக்கேள்வி பொருந்தும். இன்றும் தன் கைப்பிள்ளையைத் தமிழ்நாட்டிலே மாமியாரிடம் விட்டுவந்து இந்நகரின் அடுக்குமாடிகளிற் பிறர் பிள்ளையை வளர்க்கும் பணிப்பெண்ணுக்கும் இக்கேள்வி பொருந்தும். அவளுடைய வேலையனுமதியின் நிபந்தனையோ அவள் இங்கே பிள்ளை பெறுவதையும் தடுக்கின்றது. பழியை அறியாமையின்மேல் வைத்தால் மருந்து போதனை. வேலை நேரத்தின்மேல் வைத்தால் மருந்து சட்டமும் கூலியும். எது மருந்து என்பதில் எத்தனையோ பிள்ளைகளின் உயிர் தொங்குகின்றது. ஆதலால் ஒரு சொல்லின் அகலத்தைப் பற்றி நாம் இவ்வளவு வாதாடுவதை வீண் இலக்கணச் சண்டை என்று நேயர்கள் எண்ணாதிருப்பார்களாக.

இனி நம் வீட்டுக் குப்பையையும் கிளறாமல் விடுவது நேர்மையாகாது. டின்பால் கம்பெனி கப்பலில் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, பிறந்த பிள்ளைக்கு முதற் சீம்பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டவர்கள் நம் பெரிய பெண்டிர். அது கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது என்பது சாஸ்திரமாயிருந்தது. அதற்குப் பதில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாவில் வைத்தார்கள். அச்சீம்பாலிலேதான் நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்துள்ளன என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பிற் சேர்க்கவேண்டும் என்றும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், தண்ணீரும்கூட, கொடுக்கலாகாது என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். பிரசவித்தவளுக்குப் பத்தியம் என்ற பெயரால் அரைப்பட்டினி போட்ட வீடுகளும் உண்டு. பூண்டும் சுறாவும் முருங்கைக்கீரையும் பால் சுரக்கும் என்று தேக்காச் சந்தையில் தேடி வாங்கிச் சமைத்துப்போட்ட வீடுகளும் உண்டு. முன்னதைக் கண்டிக்கும் நாம் பின்னதை வாழ்த்துகிறோம். அவள் வயிறார உண்ணட்டும். புறநானூற்றுத் தாயின் பாலிலிருந்து வீரம் சுரந்ததாக மேடைதோறும் முழங்குகின்றோம். அவள் அன்றைக்கு என்ன உண்டாள் என்று கேட்ட பேச்சாளரை நாம் கண்டதில்லை.

அம்மையாரிடம் திரும்புவோம். அவர் 1941இல் திரெங்கானுவுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் கிழக்குக் கரையில் இறங்கவே, அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் நகரம் வீழ்ந்தது. சாங்கிச் சிறையில் அடைபட்ட வெள்ளைக்காரப் பெண்களுள் அவரும் ஒருவர். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீஸார் அவரைப் பிடித்துச் சென்று மாதக்கணக்கில் வைத்து விசாரித்தனர்; சாகக் கிடந்த ஆண்களுடன் ஒரே அறையில் அடைத்தனர். பெரிபெரி நோயும் அவரைப் பற்றியது. சிறைவாசக் காலத்தில் அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதுக்கும் தாய்ப்பாலே ஊட்டப்பட்டது என்றும், இருபதும் பிழைத்தன என்றும் பிற்காலத்தில் அவர் கூறினார்.

ரோட்டரி சங்கத்துப் பேச்சுக்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை. ஆயினும் விமரிசகன் இதனை இன்னொரு கண்ணாலும் பார்த்தல் வேண்டும். சிறையில் டின்பால் விற்பவள் இல்லை. விடியலிற் பிள்ளையை விட்டுப் பால்மரத்துக்கு ஓடவேண்டிய நிரையும் இல்லை. அரைவயிற்றுக் கஞ்சியானாலும் தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்தனர். அவ்விருபது பிள்ளைகளும் நாம் மேலே கேட்ட கேள்விக்கும் ஒருவகையில் விடைகூறுகின்றன. தாயையும் பிள்ளையையும் பிரிக்கலாகாது, நோயைத் தீர்ப்பதையும் நோய் வராமற் காப்பதையும் பிரிக்கலாகாது என்று அம்மையார் தம் ஆயுள் முழுதும் வற்புறுத்தினார். ஆகவே நாம் கண்ட குறை அவர் கொள்கையின் குறையன்று. கோபத்தில் அகன்றுவிட்ட ஒரு சொல்லின் குறை என்றே கொள்ளுகின்றோம்.

யுத்தத்துக்குப் பின் 1948இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாய்சேய் நலப் பகுதிக்கு முதல் தலைவராக அமர்ந்தார். பிறகு பேரூட்டிலும் வேறு பல நாடுகளிலும் போதித்தார். டெரிக் ஜெலிஃப் என்பவருடன் சேர்ந்து 1972இல் தாய்சேய் நலச் சேவையைப் பற்றிய நூலொன்றும் வெளியிட்டார். 1992இல் காலமானார்.

பேச்சின் ஆயுள் அவர் ஆயுளினும் விசித்திரமானது. 1939இல் சிங்கப்பூரிற் சொன்ன சொல் முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் ஐரோப்பாவில் எதிரொலித்தது. 1974இல் லண்டனில் ஒரு தரும ஸ்தாபனத்தார் ஏழை நாடுகளிற் புட்டிப்பால் விளம்பரம் செய்யும் தீங்கைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டனர். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் சரக்குகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1981 மே மாதம் உலக சுகாதார மகாசபை தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனை முறை பற்றிய சர்வதேச ஒழுங்கு விதிகளை நிறைவேற்றியது. ஆதரவு 118 வோட்டு, எதிர்ப்பு ஒரே வோட்டு, அது அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. கம்பெனியின் ஆள் தாயை நேரே அணுகலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. தாதியுடை தரித்து வாசலுக்கு வந்தவளை 42 ஆண்டு கழித்து உலகம் தடுத்தது. 1986இல் பினாங்கிலிருந்து நுகர்வோர் சங்கங்களின் சர்வதேச ஸ்தாபனத்தார் அப்பேச்சைச் சிறு புத்தகமாக அச்சிட்டனர்.

சிங்கப்பூரில் டின்பாலிட்ட தொட்டில் இன்று இல்லை. 1924இல் இலவசப் பிரசவ ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பெற்ற காண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 39 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. காண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். எருமையும் மாடும் கட்டித் தமிழ்ப் பால்காரர்கள் பால் ஊற்றித் திரிந்த வட்டாரம் அது. பஃபலோ ரோடு என்னும் தெரு இன்றும் அப்பெயரோடு அங்கே இருக்கின்றது. ஆயிரம் பிறப்புக்கு 1960இல் சுமார் 35ஆக இருந்த சிசு மரணம் 1970இல் சுமார் 20ஆகக் குறைந்து, இந்நாளில் இரண்டளவில் நிற்கின்றது. சுத்தமான குழாய்த் தண்ணீர், தடுப்பூசி, கற்ற மருத்துவச்சி, தாய்மாரின் படிப்பு, பிள்ளைத்தொகையின் குறைவு என்று காரணம் பல. ஒரு பிரசங்கத்தின் பயன் என்று இதைக் கூறுவது மிகையாகும்.

எனினும் வாசலுக்கு வந்தவள் வேறு உடையில் வந்துகொண்டே இருக்கின்றாள். 2017இல் சிங்கப்பூரின் வர்த்தகப் போட்டி ஆணையத்தார் ஆராய்ந்தபோது, 900 கிராம் பால்மாவு டின்னின் சராசரி விலை 2007இல் சுமார் 25 வெள்ளியாயிருந்தது 2016இல் சுமார் 56 வெள்ளியாயிற்று என்று கண்டனர். விலை ஏற ஏற அது உயர்ந்த பால் என்ற நம்பிக்கையும் ஏறிற்று. மூளை வளரும், அறிவு கூர்மையாகும் என்னும் குறிப்புகளும் படங்களும் டின்னை அலங்கரித்தன. அதன்பின் அரசாங்கம் அவற்றைக் கட்டுப்படுத்த முற்பட்டது. மாவு இன்று சுத்தமானது, தண்ணீரும் சுத்தமானது, சிங்கப்பூர்ப் பிள்ளை அதனாற் சாவதில்லை. பால் சுரவாத தாய்க்கும், நோயுற்று மருந்துண்ணும் தாய்க்கும் அது உதவுகின்றது என்பதையும் மறுக்கப் புகுவோமல்லோம். தாயின் நெஞ்சில் ஐயத்தை விதைக்கும் சொல் மட்டும் அம்மையார் கேட்ட அதே சொல்லாக இருக்கின்றது.

இப்பேச்சைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார்க்கு இரண்டு வேண்டுகோள். அம்மையார் உலகத்துக்குக் கொடுத்த அந்தக் கா மொழிச் சொல்லை முன்னுரையில் விளக்குமிடத்து, ஆங்கில அகராதியைப் புரட்டாமல், ‘சவலை’ என்று அருகில் எழுதுக. மற்றொன்று, ‘அறியாமையால்’ என்னும் சொல் வரும் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு இடுக. அதில் வியாக்கியானம் எதுவும் வேண்டா. பெரட்டு மணி அடித்த நேரத்தையும், பெண்ணாளின் நாட்கூலி 40 காசு என்பதையும் குறித்தால் போதும்.